கெடு முடியும்வரை கோழி சூப்பு

எங்கள் பாசோ யாகாரே ஊரில் யாராவது நோயில் விழுந்தால், அவருக்குச் சூப்பு கொண்டுவருகிறவரை நாங்கள் சந்தேகப்படுவதில்லை. விழுந்தவர் நீதிபதியாக இருந்தவர் என்றால் மட்டும் சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்போம். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கோர்ட்டு நடைமுறை அப்படி.

சொத்து வழக்கில் தோற்றவன், தீர்ப்பு நகல் கைக்கு வந்ததிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். தவறினால் தீர்ப்பு கல்மேல் எழுத்து. ஆனால் அந்தக் கோர்ட்டின் நீதிபதியோ, ஓய்வு பெற்ற நீதிபதியோ இறந்துபோனால், செய்தி வந்த நிமிஷமே துக்கத்துக்காகக் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்திய நாள் எந்தக் கெடுவிலும் சேராது. தோற்றவனுக்கு ஒரு நாள் கூடும். ஆகவே ஒரு கிழட்டு நீதிபதி படுத்துவிட்டார் என்று தெரிந்தால், ஜெயித்தவர்கள் எல்லாரும் சூப்போடு அவர் வீட்டுக்குப் போவார்கள். தோற்றவர்கள் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு மாதா கோயிலுக்குப் போவார்கள். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவளுக்கு ஊர் வழக்குகளின் முடிவு கோர்ட்டுக் குமாஸ்தாவுக்கு முன்பே தெரிந்துவிடும்.

நம்பாதவர்கள் இருக்கலாம். பெரிய வெள்ளத்தின்போது ஒரு சுருபி மீன் கோர்ட்டு ஜன்னல் வழியாக நீந்தி வந்து ஒரு வழக்குக் கட்டை விழுங்கியதையும் சிலர் நம்பவில்லை. அந்த மீனில் ஒரு துண்டு நான் சாப்பிட்டிருக்கிறேன். மை வாசனை அடித்தது.

நான் நிக்கானோர். முடி திருத்துகிறவன். ஊரில் பாதிப்பேருடைய தொண்டையில் கத்தி வைத்திருக்கிறேன், யாரும் புகார் சொன்னதில்லை. என் அக்கா எர்மெலிந்தா ஆற்றுத்துறையில் படகு விடுகிறாள். அவள் கணவன் விட்டுப்போனது அந்தத் துறையும் துறைமேல் நிற்கிற வீடும்தான். அந்தக் கரை தன்னுடைய நிலத்தோடு சேர்ந்தது என்று அபெலார்தோ கௌனா வழக்குப் போட்டான். பெரிய நெல் வயல்காரன். அறுவடையைப் படகில் ஏற்ற அவனுக்கு அந்தத் துறை வேண்டியிருந்தது. தலைநகரிலிருந்து புதிதாக வந்திருந்த நீதிபதி அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீர்ப்பு நிலைத்தால் அக்கா வீட்டை இடித்துவிட்டு அங்கே சாக்கு அடுக்குவார்கள்.

அக்காவின் வக்கீல் ரிக்கெல்மே. நல்ல மனிதர், நன்றாக உடுத்துவார். நகல் வந்த அன்றே அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

“இப்பவே எழுதிக் குடுத்துருங்க. நான் இங்கயே நிக்கிறேன்” என்றாள்.

ரிக்கெல்மே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “மொத நாளே அப்பீலா? என்னம்மா நீங்க! நான் இந்த ஊர்ல தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?”

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஐந்தாம் நாள் முடிந்த பிறகு, மறுநாள் காலை கோர்ட்டு திறந்ததும் ஏழிலிருந்து ஒன்பதுவரை இரண்டு மணி நேரம் சலுகை இருக்கிறது. அப்போது கொடுத்தாலும் செல்லும். எங்கள் வக்கீல்கள் அந்தச் சலுகை நேரத்துக்கு முன்னால் எதையும் கொடுத்ததே இல்லை. முன்னால் கொடுத்தால் பயந்துவிட்டான் என்று எதிராளி நினைப்பான். ஒருமுறை வெளியூர் வக்கீல் ஒருவர் இரண்டாம் நாளே மனுவை நீட்டினார். குமாஸ்தா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டார். அந்த வக்கீல் பிறகு ஊரில் தங்கவில்லை.

“வியாழக்கெழமையோட கெடு முடியுது. வெள்ளிக்கெழமை காலைல இருக்கவே இருக்கு” என்றார் ரிக்கெல்மே. “கவலைப்படாமப் போங்க.”

கவலைப்படாதே என்று ஒரு வக்கீல் சொன்னால் கவலைப்படவேண்டும் என்பது அக்காவின் கட்சி. துறைக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

“டேய், அவர் போட்டிருந்த பூட்ஸ் புதுசுடா.”

“அதனால?”

“யார் வாங்கிக் குடுத்தது?”

அந்தத் திங்கட்கிழமை ஓய்வு பெற்ற நீதிபதி தோன் எவாரிஸ்தோ படுத்தார். தொண்ணூறு தாண்டியவர். மனைவி இல்லை, பிள்ளைகள் தலைநகரில். கோர்ட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. இதற்கு முன்பும் பலமுறை படுத்திருக்கிறார். பாதிரியார் வந்து சாகிறவர்களுக்குத் தடவுகிற எண்ணெயால் அவஸ்தைப் பூசுதல் கொடுப்பார், கொடுத்ததும் எழுந்துவிடுவார். எண்ணெய் ஏற ஏற மனிதருக்கு மெருகு ஏறியது. ஆனால் இந்தத் தடவை பாதிரியாரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்ததாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே மெழுகுவர்த்தி தீர்ந்துபோயிற்று.

தினமும் காலையில் அவருக்குச் சவரம் செய்கிறவன் நான். செவ்வாய்க்கிழமை போனபோது கட்டிலருகே கௌனா நின்றுகொண்டிருந்தான். மேஜைமேல் துணி சுற்றிய சட்டி. நான் சோப்பு நுரையைத் தடவிக் கத்தியை எடுத்ததும் அவன் ஓர் அடி முன்னால் வந்தான்.

“மெதுவா ஓட்டுய்யா.”

“எப்பவும் ஓட்டுற மாதிரிதான் ஓட்டுறேன்.”

“ஐயா, இவன் யாரோட தம்பின்னு தெரியுமா?”

தோன் எவாரிஸ்தோ கண்ணை மூடியபடியே சொன்னார்: “தெரியும். அந்தச் சூப்பு யாரோட சூப்புன்னும் தெரியும். மொதக் கரண்டிய நீ குடி.”

கௌனா குடித்தான். கிழவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அரைக் கன்னத்தில் கத்தியை நிறுத்திக் காத்திருந்தேன். கௌனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார்.

அன்று மத்தியானம் அக்கா படகைக் கட்டிவிட்டு என் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தபடி, யாரோ வேறொருத்தரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“எப்படி இருக்காரு பெரியவரு?”

“பேச்சு மெலிஞ்சிருக்கு. ஆனா தாடி நல்லா வளருது.”

“தாடி வளந்தா என்ன?”

“சாகப்போறவன் தாடி சோந்துபோகும், அக்கா. சீப்பு பட்டாலே சாஞ்சுரும். இவருது கம்பி மாதிரி நிக்குது.”

“அப்ப நடிக்கிறாரா?”

“யாரு கண்டா.”

அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியைக் கையில் சுருட்டினாள். “நான் அவர் சாகணும்னு நெனைக்கலடா. எப்படியும் சாகத்தானே போறாரு, அது வேலை நாளாப் பார்த்து இருந்தா நல்லதுன்னுதான் நெனைச்சேன். அது பாவமா?”

“பாதிரியாரக் கேளு.”

“கேட்டேன். அவருக்கும் ஒரு வழக்கு இருக்காம்.”

புதன்கிழமை அவளும் போய்விட்டாள். சூப்பு எடுத்துக்கொண்டு போகவில்லை, பின்னல் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் கௌனா, அந்தப் பக்கம் அக்கா.

“நோயாளியப் பார்க்க வந்தீங்களா, எர்மெலிந்தாம்மா?” என்றான் கௌனா.

“இல்ல. நீங்க பார்க்குறதப் பார்க்க வந்தேன்.”

“எனக்கு மனசு கேக்கல. நல்ல மனுஷன்.”

“போன வருஷம் இதே மனுஷன் நிமோனியாவுல கெடந்தப்ப உங்க மனசு எங்க போயிருந்துச்சு?”

“போன வருஷம் எனக்கு வேலை அதிகம்.”

“போன வருஷம் உங்களுக்குத் தீர்ப்பு வரல.”

அப்புறம் ஜன்னல் விஷயம் வந்தது. அறை புழுங்குகிறது என்று அக்கா எழுந்து திறந்தாள். ஆற்றுக்காற்று நெஞ்சுக்கு ஆகாது என்று கௌனா மூடினான். அவள் திறந்தாள். அவன் மூடினான். அக்கா காற்றை வைத்துக் கிழவரைக் கொல்லப் பார்க்கிறாள் என்பது அவன் சந்தேகம். கிழவர் சாகாமலிருக்கச் சூப்பில் ஏதோ காளைக்குப் போடுகிற மருந்தைக் கலக்கிறான் என்பது அவள் சந்தேகம். நான் நடுவில் நின்று கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் என்மேலும் சந்தேகம் இருந்தது என்பது அவர்கள் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது. எனக்கு வருத்தமில்லை. சொந்த அக்காவே சந்தேகப்படுகிற அளவுக்கு நான் ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது: “தொறந்தா எர்மெலிந்தா, மூடுனா கௌனா. நான் கண்ணத் தொறக்க வேண்டிய அவசியமே இல்ல. நல்ல சவுகரியம்.”

வியாழக்கிழமையும் அவர் சாகவில்லை. மத்தியானம் கோர்ட்டு மூடியதும் அக்கா நேராக ரிக்கெல்மேயின் அலுவலகத்துக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. தட்டினாள். பிறகு உதைத்தாள். அடுத்த மளிகைக்கடைக்காரர் வெளியே வந்தார்.

“அவர் ஊர்ல இல்லையே. லகுனா செக்காவுல குதிரப் பந்தயம். நேத்தே போயிட்டாரு.”

“எப்ப வருவாரு?”

“சனிக்கெழம. பெரியவர் எப்படியும் வியாழனுக்குள்ள போயிருவாரு, கோர்ட்டு மூடிருவாங்க, திங்கக்கெழமை பார்த்துக்கலாம்னு சொல்லிட்டுப் போனாரு.”

“எதுல போனாரு?”

மளிகைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “கௌனாவோட குதிரைக்காரன் லாரியில. இடம் இருக்கு வாங்கன்னு கூப்பிட்டான் போல.”

அக்கா பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வேறு வக்கீல் பிடிக்கலாம் என்றேன். ஊரில் இன்னும் இரண்டு பேர்தான். ஒருவர் கௌனாவின் வக்கீல். இன்னொருவர் கௌனாவின் மச்சான். வக்கீல் கையெழுத்து இல்லாத மனுவைக் குமாஸ்தா தொடக்கூட மாட்டார், குச்சியால் தள்ளிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை நான் சவரப் பெட்டியோடு கிழவர் வீட்டுக்குப் போனபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற கறுப்பு உடையில் இருந்தாள். நான் அதைப் பார்த்தேன். அவள் பார்க்காததுபோல நின்றாள். உள்ளே போனோம். கௌனா இன்னும் வரவில்லை.

தோன் எவாரிஸ்தோ தலையணையில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நுரையைத் தடவி ஒரு கன்னத்தை முடித்திருப்பேன். அவர் அக்கா பக்கம் கண்ணைத் திருப்பினார்.

“கறுப்புல வந்திருக்க.”

“ஆமாங்கய்யா.”

“இந்த வாரம் முப்பது பேரு வந்தாங்க. எல்லாரும் ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. எல்லாரும் பொய். நீ மட்டும் மூணு நாளா ஒண்ணும் கேக்கல. நான் சாகணும்னுதான் வந்து ஒக்காந்திருக்கியா?”

நான் கத்தியை எடுத்துவிட்டேன். இந்த மாதிரி நேரத்தில் தொண்டைப் பக்கம் வைத்திருப்பது மரியாதை இல்லை.

“ஆமாங்கய்யா” என்றாள் அக்கா. “ஒம்பது மணிக்குள்ள.”

நான் கத்தியைத் துணியில் துடைத்தேன்.

“எனக்கு வேற வழி தெரியல” என்றாள். “வக்கீல் ஓடிட்டான். வீடு போயிரும். உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீங்க ஒரு நாள் போனீங்கன்னா நான் ஒவ்வொரு வருஷமும் உங்களுக்குப் பூசை வைப்பேன். சத்தியமா வைப்பேன்.”

கிழவரின் வயிறு குலுங்கியது. நான் சாவுதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“உண்மையச் சொன்ன கட்சிக்காரிய இந்த ஊர்ல இப்பத்தான் பார்க்குறேன். நாப்பது வருஷம் பெஞ்சு மேல ஒக்காந்து தேடிருக்கேன்.” முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “இவளே, அப்பீல் போட என்ன வேணும்னு நெனைக்கிற?”

“பெரிய மனு. காரணம் எல்லாம் எழுதி…”

“காரணம் பின்னால. அதுக்குத் தனிக் கெடு குடுப்பாங்க. இப்பத் தீர்ப்பு பிடிக்கலைன்னு ஒரு வரி, ஒரு வக்கீல் கையெழுத்து. அவ்வளவுதான். ஒரு வரி எழுதறதுக்குச் சோம்பப்பட்டுத்தான் இவனுங்க என்னைச் சாகச் சொல்றானுங்க.”

“வக்கீலுக்கு நான் எங்கய்யா போவேன்?”

“நான் என்ன, தச்சனா?” என்றார் அவர். “பெஞ்சுல இருந்து எறங்கின மறுநாளே வக்கீல் சங்கத்துல திரும்பப் பேரு எழுதிட்டேன். பென்ஷன நம்பி ஒக்காந்தவன் இல்ல நான். நிக்கானோர், அலமாரில தாள் இருக்கு, எடு. பேனா என் செருப்புக்குள்ள இருக்கு. இந்த வீட்டுக்கு வர்றவங்களுக்குப் பேனா மேல ஆசை அதிகம்.”

செருப்புக்குள்தான் இருந்தது. ஒரு கன்னத்தில் நுரையோடு அவர் எழுதினார். எர்மெலிந்தா துறை வழக்கில் தோற்றிருக்கிறாள், ஒப்பவில்லை, மேல்முறையீடு செய்கிறாள். கையெழுத்துப் போட்டார். ஒரு சொட்டு நுரை தாளில் விழுந்தது. அக்கா அதைத் துடைக்காமல் ஊதி ஊதி உலர்த்தினாள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அவள் தாளை மடித்துச் சட்டைக்குள் வைக்கும்போது கௌனா சட்டியோடு உள்ளே வந்தான்.

அவன் முதலில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தான். பிறகு கட்டிலில் கிடந்த பேனாவைப் பார்த்தான். பிறகு அக்காவின் கையைப் பார்த்தான். நெல் வயல்காரர்கள் மெதுவாக யோசிப்பார்கள், ஆனால் யோசித்து முடித்துவிடுவார்கள். சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வாசல் நிலையில் கையை ஊன்றி நின்றான். அந்த நிலைக்கு அவன் அளவாக இருந்தான்.

“என்ன காகிதம்?”

“கோர்ட்டுக்குப் போற காகிதம்” என்றாள் அக்கா. அன்று அவளுக்கு உண்மை பேசுவது ராசியாக இருந்தது.

“போகலாம், போகலாம். என்ன அவசரம். ஒக்காருங்க, சூப்பு குடிச்சுட்டுப் போங்க.”

“வழிய விடுங்க.”

“நான் உங்களத் தொடவே இல்லையே. வாசல்ல நிக்கிறேன். நிக்கக் கூடாதுன்னு சட்டமா?”

அப்போதுதான் தோன் எவாரிஸ்தோ சாக ஆரம்பித்தார்.

நான் நிறையச் சாவு பார்த்திருக்கிறேன். கடைசிச் சவரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இவ்வளவு வேலைப்பாடான சாவை நான் பார்த்ததில்லை. முதலில் இருமல். பிறகு இருமல் நின்று ஒரு விசில் சத்தம். பிறகு கண் மேலே செருகியது. ஒரு கை காற்றில் எதையோ பிடிக்கப் போய்ப் போர்வையில் விழுந்தது. வாயோரத்தில் நுரை. அது என் சோப்பு நுரை, ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

கௌனா வாசலைவிட்டு அசையவில்லை. “நடிக்கிறாரு” என்றான்.

“இருக்கலாம்” என்றேன். சட்டி சுட்டது, மேஜைமேல் வைத்தேன். “இல்லாமலும் இருக்கலாம்.”

“நேத்துச் சாயங்காலம் நல்லாத்தானே இருந்தாரு?”

“எல்லாரும் நேத்துச் சாயங்காலம் நல்லாத்தான் இருப்பாங்க.”

விசில் சத்தம் நின்றது. கௌனாவின் நெற்றியில் வியர்வை பூத்தது. அவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினேன்: “இப்பப் போனார்னா கோர்ட்ட மூடிருவாங்க. அக்காவுக்குத் திங்கக்கெழமைவரைக்கும் நேரம். ரிக்கெல்மேயும் சனிக்கெழம வந்துருவாரு.”

“இவர் சாகலைன்னா?”

“இவ காகிதத்தக் கொண்டுபோயிருவா.”

பாவம், அவன் நிலைமையை யாரும் விரும்பமாட்டார்கள். வாசலில் நின்றால் கிழவர் போய்விடுவார். கிழவரைப் பிடித்தால் அக்கா போய்விடுவாள். அவன் ஒரு காலை உள்ளே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். தோன் எவாரிஸ்தோ கடைசியாக ஒரு முறை மூச்சை இழுத்தார். இழுத்ததை வெளியே விடவில்லை.

கௌனா பாய்ந்து வந்து அவரைத் தூக்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். முதுகில் தட்டினான். “ஐயா! ஐயா! போயிராதீங்கய்யா! என் தெய்வமே!” சொந்த அப்பனுக்கு அவன் இப்படி அழவில்லை, அந்தச் சாவுக்கும் நான்தான் சவரம் செய்தேன். அக்கா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். மூச்சு நின்றது உண்மைதானோ என்று அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அது எனக்கும் தெரியாது, ஆனாலும் ஆட்டினேன். அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கிழவர் நெடுநேரம் செத்துக்கொண்டிருந்தார். கௌனா நெஞ்சை நீவுவான், மூச்சு வரும். வாசல் பக்கம் திரும்புவான், மூச்சு நின்றுவிடும். ஒருமுறை அவன் நான்கடி தூரம் போய்விட்டான், கட்டிலில் ஒரு கால் விறைத்துக்கொண்டது. ஓடி வந்தான். ஒரு கரண்டி சூப்பு ஊட்டினான். கிழவர் செத்துக்கொண்டே அதை விழுங்கினார். இன்னொரு கரண்டி. அதையும் விழுங்கினார். மாதா கோயில் மணி ஒன்பது அடித்தபோது சட்டி காலி.

மணி ஓசை அடங்கியதும் தோன் எவாரிஸ்தோ கண்ணைத் திறந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நிக்கானோர், இந்தக் கன்னத்த அப்படியே விட்டுட்டியே” என்றார்.

கோர்ட்டில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். சலுகை நேரத்து வரிசை நீளமாக இருந்ததாம். குமாஸ்தா தாளை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, முகர்ந்தாராம்.

“சோப்பு வாசனை அடிக்குது. இவர் செத்துக்கிட்டு இருக்காருன்னுல்ல சொன்னாங்க?”

“செத்துக்கிட்டு இருக்குறவங்க கையெழுத்துப் போடக்கூடாதா?”

குமாஸ்தா யோசித்தார். தடை எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சந்தேகத்தோடேதான் முத்திரையைக் குத்தினார். அக்கா அந்த மை காயும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம், யாராவது துடைத்துவிடுவார்களோ என்று.

கௌனா அன்றோடு அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டான் என்று நினைத்தோம். திங்கட்கிழமை காலை சட்டியோடு வந்தான். அவனுடைய வக்கீல் அவனுக்கு விளக்கியிருந்தார்: கட்சிக்காரியின் வக்கீல் நடுவில் இறந்துபோனால், அவள் வேறு வக்கீல் பிடிக்கும்வரை வழக்கு அப்படியே நின்றுவிடும். எர்மெலிந்தா இன்னொரு வக்கீலை நம்புவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று யார் சொல்ல முடியும்? அதுவரை துறையும் கிடையாது, சாக்கு அடுக்கவும் இடம் கிடையாது.

எனவே அவன் தினமும் சூப்பு கொண்டுவந்தான். மழையிலும் வந்தான். வெட்டுக்கிளி வந்த வருஷமும் வந்தான். கிழவரின் கன்னம் உப்பி, நான் சவரம் செய்கிற பரப்பளவு அதிகமாயிற்று. முன்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் ஒன்று முளைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கௌனாவின் பண்ணையில் கோழி தீர்ந்துபோய், அக்கரையில் வாங்க ஆரம்பித்தான். அக்கரைக்கு அக்காவின் படகில்தான் போகவேண்டும். போகும்போது இவன் படகின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பான். வரும்போது இவள் கோழியின் கண் இமையைத் தூக்கி நோய் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

மேல்முறையீட்டுக் கோர்ட்டு அதே கட்டடத்தின் மாடியில்தான் இருக்கிறது. ஆனாலும் வழக்கு படி ஏறி, தீர்ப்பு படி இறங்க வருஷங்கள் ஆயின. கடைசியில் இறங்கியது. துறையும் கரையும் வீடும் எர்மெலிந்தாவுக்கு என்று மாடி நீதிபதிகள் மூன்று பேரும் எழுதிவிட்டார்கள்.

தீர்ப்பு நகல் கௌனாவின் கைக்குப் போன அன்று சூப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இப்போது தோற்றவன் அவன். மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போக அவனுக்கும் ஒரு கெடு ஓடத் தொடங்கியிருந்தது. அன்று சாயங்காலம் அவன் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி வாங்கினான். விற்கிறவள் ஒன்றும் கேட்காமல் கடையிலேயே தடியானதை எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா என் கடைக்கு ஓடி வந்தாள். கையில் ஒரு கோழி தலைகீழாகத் தொங்கியது.

“இத அறுத்துக் குடு. நாளையிலேருந்து நீ அவருக்குச் சவரம் பண்ண வேணாம்.”

“ஏன்?”

“கை நடுங்கும் உனக்கு. வயசாகுது.”

“எனக்கா? இதுவரைக்கும் யாரயாவது கீறிருக்கேனா?”

“கௌனா உன்கிட்ட முடி வெட்ட வந்தானாமே நேத்து. என்ன பேசுனான்?”

“மழையப் பத்திப் பேசுனான்.”

“மழையப் பத்தி” என்றாள் அவள், என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்துக்கொண்டு.

அவள் தினமும் சட்டியோடு போனாள். முதல் நாள் கிழவர் சொன்னார்: “மொதக் கரண்டிய நீ குடி.” குடித்தாள். ஒரு கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

கௌனாவோ நிம்மதியாக இருந்தான். தன்னுடைய சூப்பில்தான் அந்த உடம்பு நிற்கிறது, நிறுத்தினால் ஒரு வாரம் தாங்காது என்பது அவன் கணக்கு. மனுவை உடனே கொடுக்கலாமா என்று வக்கீல் கேட்டதற்குச் சிரித்தானாம். வக்கீலும் சிரித்தாராம். கெடு முடிந்தது. மறுநாள் காலைச் சலுகை நேரமும் வந்தது, மனு இன்னும் எழுதப்படவே இல்லை. கிழவர் வீட்டு எதிர்ப்புறத்து மரத்தடியில் கௌனா வந்து நின்றான், உள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டால் கோர்ட்டுக்கு ஓடிச் செய்தி சொல்வதற்கு. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டுதான் அக்கா என்னை உள்ளே விட்டிருந்தாள், நான் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தேன். கை வீசினேன். அவன் வீசவில்லை.

ஒன்பது அடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தெருவைக் கடந்து வந்து, வாசல் நிலைக்கு வெளியே நின்றான். வருஷக்கணக்காகச் சட்டி பிடித்த கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“இன்னும் இருக்காரா?” என்று கேட்டான்.

“சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு” என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து தோன் எவாரிஸ்தோ குரல் கொடுத்தார்: “யாரு, கௌனாவா? உள்ள வாப்பா. இவளுக்கு வீடு நின்னுருச்சு, நாளையிலேருந்து சூப்பு யாரு கொண்டுவருவாங்கன்னு தெரியல. உன் மச்சானுக்கு ஏதாச்சும் வழக்கு இருக்கா?”